உருக்கும் வெம்மையும்

'உருக்கு' என்னும் தமிழ்ச்சொல் உருக்குதல் என்னும் வினையிற் பிறந்தது. கன்னடத்தார் அதனை 'உக்கு' என்பர். மேலைநாட்டார் வழங்கிய 'வூட்சு' என்னும் பெயர் இச்சொல்லின் திரிபே என்பது அறிஞர் பலரின் கருத்து. 1795-இல் இலண்டன் அரச கழகத்திற்கு ஜார்ஜ் பியர்சன் அளித்த கட்டுரை அப்பெயரை மேலையுலகில் நிலைபெறச் செய்தது.

தென்னாட்டுக் கொல்லர் இரும்பைத் தழையோடும் மரத்துண்டுகளோடும் களிமண் மூசையில் இட்டு மூடி, துருத்தி ஊதி உருக்கி, மெல்ல ஆறவிட்டனர். மேல்சிறுவளூரில் கிடைத்த மூசைத் துண்டுகள் இத்தொழிலுக்குச் சான்று. இவ்வாறு விளைந்த கட்டியில் ஏறத்தாழ நூற்றுக்கு 1.5 பங்கு கரிமம் செறிந்திருந்தது. மேற்காசியக் கொல்லர் இத்தகைய கட்டிகளை அடித்தே நீரலை போன்ற வரியோடிய வாள்களை வடித்தனர்.

ஐரோப்பியக் கொல்லரிடம் சென்ற கட்டியோ சம்மட்டியின்கீழ் நொறுங்கிற்று. கரிமம் குறைந்த இரும்பை வெண்சூட்டில் அடித்துப் பழகிய கைகள் அவை. வூட்சு அவ்வெம்மையைத் தாங்காது. அதன் படிக மணிகளுக்கிடையே உருகத் தொடங்கிவிடும். அதனினும் சற்றுக் குறைந்த சூட்டிலும் நெடுநேரம் கிடந்தால், இரும்பும் கரிமமும் சேர்ந்த சிமென்டைட்டுத் துகள்கள் கரைந்துபோகும்; படிக மணிகள் பருக்கும். ஆறும்பொழுது சிமென்டைட்டு அம்மணிகளின் விளிம்பெங்கும் வலைபோற் படியும். எளிதில் முறியும் அவ்வலையின் வழியே வெடிப்பு ஓடும். வரியும் மறையும், முறியாத் தன்மையும் குன்றும். செஞ்சூட்டில் பலகால் அடித்தாலோ அவ்வலை சிதைந்து சிறு உருண்டைகளாகும். வரிசையாக நிற்கும் அவ்வுருண்டைகளே வாளின் வரி.

கொல்லர் மகனாகிய மைக்கேல் ஃபாரடே 1819-இல் வூட்சைப் பகுத்தாய்ந்து, அலுமினியமே அதன் சிறப்பிற்குக் காரணம் எனப் பிழைபடக் கருதினார். 1820-களில் பாரிசின் பிரயான் மிகுகரிமமே காரணம் எனத் தெளிந்தார். உருசியாவின் அனோசவ் 1841-இல் தம் ஆய்வை நூலாக்கினார். 1998-இல் வெர்ஹோவன் குழுவினர், கட்டியில் நுண்ணளவாக உள்ள வனேடியமும் அளவான சூட்டில் மீள மீளக் காய்ச்சுதலும் வரியைத் தோற்றுவிப்பதை விளக்கினர்.

ஆய்ந்தோர் பெயர்கள் ஏட்டில் உள்ளன. மூசையிட்டோர் பெயரும், வெப்பமானி இன்றி உலையின் நிறம் கண்டே சூட்டை அளந்தோர் பெயரும் பெரும்பாலும் ஏட்டில் இல்லை. கட்டி கடல் கடந்தது. சூட்டின் அளவறிந்த கண் கடக்கவில்லை. உருக்குத் தொழில் அருகியபோது அவ்வறிவும் உடன் மறைந்தது. அவர்களை நினைவூட்ட எஞ்சியவை மூசை ஓடுகளும் 'உருக்கு' என்னும் ஒரு சொல்லுமே.