கரை இறங்காத தொழிற்சாலை

மூலதனம் வரும், நிலத்தைப் பிடிக்கும், மனுஷனைப் பிடித்து வேலை வாங்கும். காலனிய வரலாறு வாசித்துப் பழகிய நமக்கு இது மனப்பாடம். மொசாம்பிக்கின் வடகோடி மாகாணமான காபோ டெல்காடோவைப் பற்றி வாசிக்க உட்கார்ந்தபோது நானும் இந்தச் சூத்திரத்தோடுதான் உட்கார்ந்தேன்.

பாதிவரைக்கும் பொருந்தியது. 1891இல் போர்த்துகீசிய அரசு அந்நிலப்பரப்பை நியாசா கம்பெனியிடம் ஒப்படைத்தது. 1929 வரை கம்பெனிதான் அங்கே சர்க்கார். குடிசைக்கு வரி; கட்டமுடியாதவனுக்குக் கட்டாய உழைப்பு. கொடூரம்தான். ஆனால் அந்தக் கொடூரத்துக்கு ஆள் தேவைப்பட்டது. தேவைப்பட்டதால் மறுக்கவும் முடிந்தது. 1960இல் முயெடாவில் கூடிய ஜனங்களைச் சுட்டார்கள். 1964இல் விடுதலைப் போர் இதே மாகாணத்தில்தான் தொடங்கியது. 1975இல் விடுதலை.

சூத்திரம் உடைவது கடலில். கோரல் எரிவாயு வயல் 2012இல் கண்டறியப்பட்டது. அங்கே கடலின் ஆழம் சுமார் 2000 மீட்டர். 2017 ஜூனில் இத்தாலியின் எனி நிறுவனமும் கூட்டாளிகளும் முதலீட்டு முடிவெடுத்தார்கள். தென்கொரியாவில் கட்டப்பட்ட 432 மீட்டர் நீள மிதக்கும் ஆலை 2022இல் அங்கே நங்கூரமிடப்பட்டது. கடலடியில் ஆறு கிணறுகள். வாயு குழாய்வழி மேலேறி, ஆலையிலேயே சுத்தமாகி, மைனஸ் 162 டிகிரியில் திரவமாகி, பக்கத்தில் வந்து நிற்கும் டாங்கர் கப்பலுக்குப் போய்விடுகிறது. ஆண்டுக்கு 34 லட்சம் டன் திறன். இருபதாண்டுச் சரக்கு முழுவதையும் வாங்க பி.பி. முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டது. வாயு கரையைத் தொடுவதே இல்லை.

கரையில் என்ன நடந்தது? 2017 அக்டோபரில் ஆயுதக் கிளர்ச்சி தொடங்கியது. 2021 மார்ச்சில் பால்மா நகரம் தாக்கப்பட்டது. ஏப்ரலில் அஃபுங்கியின் கரைத் திட்டத்தை டோட்டல் நிறுத்தி வெளியேறியது. லட்சக்கணக்கானோர் அகதிகளாக, நவம்பரில் மிதக்கும் ஆலை கொரியாவிலிருந்து கிளம்பியது. அடுத்த நவம்பரில் முதல் சரக்கு ஏற்றுமதி. கிராமங்களை எரித்த, தலைகளை வெட்டிய அந்த ஆயுதக் குழுவை 'எதிர்ப்பு' என்று கொண்டாட நான் தயாரில்லை. ஆனால் கரை எரியும்போதும் லாபம் நிற்காத ஒரு ஏற்பாடு பிறந்துவிட்டது என்பதைப் பார்க்காமலும் இருக்க முடியாது.

'யார் குடிசையையும் பிடுங்கவில்லையே' என்பார்கள். வாஸ்தவம். அஃபுங்கியில் ஊர்களை இடம்பெயர்த்தார்கள். மிதக்கும் ஆலைக்கு அது தேவைப்படவில்லை. ஜனங்களே தேவைப்படவில்லை என்பதுதான் விஷயம். சுரண்டப்படுகிறவன் வேலையை நிறுத்தலாம். தேவையே இல்லாதவன் எதை நிறுத்துவான்?

மறியலும் வேலைநிறுத்தமும் நிலத்தில் உருவான ஆயுதங்கள். மிதக்கும் ஆலைக்கோ அரசின் அனுமதி வேண்டும், வங்கிக் கடன் வேண்டும், வாங்குகிறவன் வேண்டும். இம்மூன்றும் கரையில்தான் இருக்கின்றன; பாதி மொசாம்பிக்குக்கு வெளியே. 2025 அக்டோபரில் இரண்டாவது மிதக்கும் ஆலைக்கும் முடிவெடுத்தாயிற்று. இனி ஒப்பந்தத்தை வாசிப்பதும் களப்பணிதான் என்று எனக்குத் தோன்றுகிறது.