1985 மே 31

எங்கள் ஊர்களில் வீட்டைப் பெயர்க்கும் காற்றுக்கெல்லாம் ஒரே பெயர்தான்: சூறாவளி. 1978 நவம்பர் 23இல் மட்டக்களப்பைப் புரட்டிப்போட்டதையும் அப்படித்தான் சொன்னோம். ஒன்ராறியோவின் பண்ணைகளில் இறங்குவதையும் அப்படித்தான் சொல்கிறோம். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. மட்டக்களப்புக்கு வந்தது கடலில் பிறந்து, நாட்கணக்காய் வளர்ந்து, மாவட்டங்களையே மூடும் காற்று. இங்கே வருவது இடிமுகிலிலிருந்து தரைக்கு இறங்கும் சுழல்காற்று. பெரும்பாலும் சில நூறு மீற்றர் அகலந்தான். ஒரு வீட்டின்மேல் அது நிற்பது சில விநாடிகள்.

நம்மவர் 155 பேர் நியூபவுண்ட்லாந்துக் கடலில் மீட்கப்படுவதற்குப் பதினான்கு மாதங்களுக்கு முன்னர், 1985 மே 31 பிற்பகல், ரொறொன்ரோவுக்கு வடக்கேயும் வடமேற்கேயும் பல சுழல்காற்றுகள் இறங்கின. ஒன்று கிறாண்ட் வலி என்ற சிற்றூரை உடைத்து, ஒறேஞ்ச்வில், ரொட்டன்ஹாம் பக்கமாக நூறு கிலோமீற்றருக்கு மேல் ஓடியது. இன்னொன்று பாரி நகரில் எட்டுப் பேரைக் கொன்றது. மாகாணத்தில் மொத்தம் 12 பேர் இறந்தனர்.

நகரத்தின் சேதம் பத்திரிகைப் படமாகிவிடும். பண்ணை வீட்டின் சேதமோ வீட்டோடு முடிவதில்லை. மாட்டுக் கொட்டிலும் வேலியும் தானியக் கோபுரமும் போய்விடும். மே மாதக் கடைசி, விதைப்புக் காலம். விதைத்த நிலத்தில் கண்ணாடித் துண்டும் ஆணியும் தகரமும் கிடந்தால், அவற்றைப் பொறுக்காமல் மாட்டையும் விடமுடியாது, இயந்திரத்தையும் இறக்கமுடியாது. வீட்டைச் சுற்றி நின்ற மரங்கள் திரும்ப எழ ஒரு தலைமுறை வேண்டும்.

இந்தக் காற்றின் வேகத்தைக் கருவி வைத்து அளப்பது அரிது. உடைந்ததைப் பார்த்துத்தான் கணிப்பார்கள். அந்த முறையை 1971இல் வகுத்தவர் புஜிற்றா என்ற யப்பானியர். 1945இல் ஹிரோஷிமா, நாகசாகி இடிபாடுகளுக்குள் நடந்து, மரங்கள் சாய்ந்த திசையைப் படித்தவர். அவருடைய அளவுகோலில் கிறாண்ட் வலிக் காற்றும் பாரிக் காற்றும் நான்காம் தரம்: மணிக்கு 330 கிலோமீற்றருக்கு மேல்.

பின்னர் பொறியியலாளர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள்: வீடு உடைந்தது காற்றின் பலத்தாலா, வீட்டின் பலவீனத்தாலா? பாரியில் சில வீடுகளின் தளம் அத்திவாரத்தோடு பிணைக்கப்படவே இல்லை என்று கண்டார்கள். கூரை தன் பாரத்தாலும் சில ஆணிகளாலுமே சுவரில் நிற்கிறது. யன்னலோ வாகனக் கொட்டகையின் கதவோ உடைந்து காற்று உள்ளே புகுந்தால் கூரை மேலே எழும். கூரை போனபின் சுவருக்குப் பிடிமானம் இல்லை. குறைந்த வேகத்திலேயே வீடுகள் உடைவதைக் கண்டபின் அளவுகோலும் திருத்தப்பட்டது. கனடா 2013இல் அதை ஏற்றது. புதிய அளவுகோலில் நான்காம் தரம் 270 கிலோமீற்றரில் தொடங்குகிறது. காற்றின் தலையில் நாம் கட்டிய பழியில் ஒரு பங்கு தச்சனுடையது.

இடிந்த வீட்டுக்கு ஒப்பாரி வைக்க நமக்குத் தெரியும். எறிகணை விழுந்த வீட்டுக்கும், 1978இன் காற்றில் போன வீட்டுக்கும் வைத்தோம். இடிபாட்டை வாசிப்பது வேறு வேலை. அதற்கு ஒவ்வொரு வீடாகப் போய், எந்த மூட்டு முதலில் விட்டது என்று எழுதவேண்டும். அழுகை போனவரை நினைக்கிறது. இந்தக் கணக்கு இனிக் குடியிருப்பவரைக் காக்கிறது.

2021 யூலை 15இல் பாரிக்கு மறுபடி சுழல்காற்று வந்தது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் கூரைகள் மறுபடியும் சுவரைவிட்டுப் பிரிந்தன. கூரையைச் சுவரோடு இறுக்கும் சிறு உலோகப் பட்டியைக் கட்டும்போதே வைத்தால் செலவு சொற்பம்.

வந்த காலத்தில் நாம் நிலவறைகளில் வாடகைக்கு இருந்தோம். இந்தக் காற்றுக்கு ஒதுங்க வீட்டில் அதுவே சிறந்த இடம். இன்று உணவகச் சமையலறைகளில் நின்று சேர்த்த காசில் மேலே வந்துவிட்டோம். வீடு பார்க்கப் போனால் குசினிக் கல்லைத் தட்டிப் பார்க்கிறோம், வாசல் எந்தத் திசை என்று கேட்கிறோம். கூரையைச் சுவரோடு பிடித்திருப்பது எது என்றும் கேட்கவேண்டும்.