பொறுப்பேற்றுப் பதவி துறத்தல்: அரக்கோணம் பாதையோரம் ஒரு மரபின் வரலாறு

பணியிடத்தில் நேர்ந்த தவறுக்குத் தலைமையில் இருப்பவரே பதில் சொல்ல வேண்டும், தேவையானால் பதவியையும் துறக்க வேண்டும் என்னும் மரபு இந்தியாவில் நாடறிய நிலைபெற்ற ஆண்டு 1956. அவ்வாண்டு நவம்பர் 23 அன்று அரியலூர் அருகே நேர்ந்த ரயில் விபத்தையடுத்து ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். 1965இல் அவர் பிரதமராக இருந்தபோது, மொழிக் கொள்கையை முன்னிட்டு அவருடைய அமைச்சரவையிலேயே இருவர் பதவி விலகல் கடிதம் கொடுத்தனர்.

இந்த வரலாற்றில் அரக்கோணம்–திருத்தணி வட்டாரத்தைச் சார்ந்த இரு பெயர்கள் வருகின்றன. ஒருவர் 1956இல் ரயில்வே துணை அமைச்சராகவும் 1965இல் ராஜினாமா செய்த இருவரில் ஒருவராகவும் இருந்த ஓ. வி. அழகேசன். பின்னாளில் இவர் 1971இல் திருத்தணித் தொகுதியிலிருந்தும் 1977இல் அரக்கோணம் தொகுதியிலிருந்தும் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மற்றவர் திருத்தணியில் பிறந்து குடியரசுத் தலைவரான சர்வபள்ளி ராதாகிருஷ்ணன்.

சந்திப்பும் பதிவேடும்

தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்துக்கும் வாலாஜா ரோட்டுக்கும் இடையே திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து சுமார் 70 கி.மீ. தொலைவிலுள்ள அரக்கோணம் அந்தப் பாதையில் அமைந்த ஊர். 1865இல் இந்தியன் டிராம்வே கம்பெனி அங்கிருந்து காஞ்சிபுரத்துக்கு ஒரு சிறு பாதையை இட்டது. அது பின்னர் மீட்டர் கேஜாக மாற்றப்பட்டுத் தென்னிந்திய ரயில்வேயின் வசம் சேர்ந்தது. திருத்தணி, ரேணிகுண்டா வழியாகப் பம்பாய்த் திசைக்குச் செல்லும் அகலப் பாதையும் இங்கிருந்தே பிரிந்தது. இவ்வாறு அரக்கோணம் இரு கம்பெனிகளின் தண்டவாளங்கள் கூடும் சந்திப்பாயிற்று. 1951 ஏப்ரல் 14 அன்று தெற்கு ரயில்வே உருவானபோது அவை ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்தன. பாலக் கர்டர்களைச் செய்யும் பொறியியல் பட்டறையும் மின் எஞ்சின் ஷெட்டும் இவ்வூரை ரயில்வேக்காரர்களின் ஊராக்கின.

ரயில்வேயின் அன்றாட வேலை முழுவதும் எழுதி வைத்த பொறுப்பின் மீது நடப்பது. ஒரு நிலையத்திலிருந்து வண்டி புறப்பட வேண்டுமானால் அடுத்த நிலையம் ‘லைன் கிளியர்’ கொடுத்திருக்க வேண்டும். கொடுத்த நேரமும் பெற்ற நேரமும் பதிவேட்டில் ஏறும். ஸ்டேஷன் மாஸ்டர்கள் உறுதிமொழியாகப் பிரைவேட் நம்பர் பரிமாறிக்கொள்வார்கள். ஒற்றைப் பாதையில் டோக்கன் கைக்கு வராமல் டிரைவர் வண்டியை எடுக்க மாட்டார். கீமேன் தன் பகுதித் தண்டவாளத்தை நடந்தே பார்வையிட்டு, தளர்ந்த இடங்களை இறுக்கிக் குறை சொல்ல வேண்டும்.

இந்த ஏற்பாட்டில் ‘யார் பொறுப்பு’ என்ற கேள்விக்கு எப்போதும் ஒரு பெயர் கிடைக்கும். ஆனால் அந்தப் பெயர் பெரும்பாலும் படிநிலையின் கீழே இருப்பவருடையது. பழைய பாலத்தைப் புதுப்பிக்க எவ்வளவு ஒதுக்குவது, எத்தனை ஆட்களை வேலைக்கு வைப்பது, எந்தப் பாதையில் எந்த வேகத்தை அனுமதிப்பது என்ற முடிவுகள் மேலே எடுக்கப்படுபவை. விபத்து நடந்த மறுநாள் முதலில் புரட்டப்படும் ஏடு அந்த முடிவுகளுடையது அல்ல. பொறுப்பைக் கீழிருந்து மேலே கொண்டுசெல்ல இரண்டு வழிகள் காலப்போக்கில் உருவாயின. ஒன்று சார்பற்ற விசாரணை, மற்றது அமைச்சரின் பதவி விலகல்.

விசாரிப்பவர் வேறாக நிற்றல்

1905இல் ரயில்வே வாரியம் அமைந்த பிறகு, ரயில்வே ஆய்வாளர்கள் நெடுங்காலம் அதன் கீழேயே பணியாற்றினார்கள். வண்டிகளை ஓட்டும் அமைப்பே அந்த வண்டிகளின் விபத்தையும் விசாரிப்பதாக நிலைமை இருந்தது. பிரிட்டிஷ் ரயில்வேக்களின் தலைமை ஆய்வு அதிகாரி ஏ. எச். எல். மவுன்ட் தலைமையிலான பசிபிக் எஞ்சின் குழு 1939இல் இதைச் சுட்டிக்காட்டியது. அதையடுத்து 1941 மே மாதத்தில் ஆய்வுத்துறை வாரியத்தின் பிடியிலிருந்து பிரிக்கப்பட்டு வேறொரு துறையின் கீழ் வைக்கப்பட்டது. 1961இல் அது ரயில்வே பாதுகாப்பு ஆணையம் என்ற பெயரைப் பெற்றது. 1967இல் சுற்றுலா, விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் சென்றது. இன்றும் விமானப் போக்குவரத்து அமைச்சகத்திடமே இருக்கிறது.

ரயில் விபத்தை விசாரிக்கும் அதிகாரி விமானத் துறையின் கீழ் இருப்பது முதல் பார்வைக்கு விந்தையாகத் தோன்றும். அவருடைய பதவி உயர்வும் ஊதியமும் ரயில்வே வாரியத்தின் கையில் இல்லாதிருக்கவே இந்த ஏற்பாடு. மேலதிகாரியின் குறையை எழுதுவதற்குத் தனிமனிதத் துணிச்சலை மட்டும் நம்பியிராமல், அந்தத் துணிச்சலுக்கு அமைப்பே காப்பாக நின்றது.

மகபூப்நகரும் அரியலூரும்

சாஸ்திரி 1952 மே மாதத்தில் ரயில்வே அமைச்சரானார். 1956 செப்டம்பர் 2 அன்று ஹைதராபாத் மாநிலத்தில் மகபூப்நகர் அருகே பாலம் இடிந்து ரயில் கவிழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். சாஸ்திரி ராஜினாமாக் கடிதம் கொடுத்தார், பிரதமர் நேரு ஏற்கவில்லை.

மூன்று மாதம் முடியுமுன் அடுத்த இடி விழுந்தது. சென்னையிலிருந்து சென்றுகொண்டிருந்த தூத்துக்குடி எக்ஸ்பிரஸ், நவம்பர் 23 விடியற்காலையில் அரியலூருக்கும் கல்லகத்துக்கும் இடையே மருதையாற்றுப் பாலத்தருகே கவிழ்ந்தது. பெருமழையால் ஆறு கரைபுரண்டு பாதையின் அடித்தாங்கலை அரித்திருந்தது. எஞ்சினும் முன்பெட்டிகளும் வெள்ளத்தில் விழுந்தன. நூற்று நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

சாஸ்திரி மறுபடியும் ராஜினாமா செய்தார். இம்முறை நேரு அதை ஏற்றார். ஏற்றதற்கான காரணத்தை மக்களவையில் விளக்கியபோது, விபத்துக்குச் சாஸ்திரி எவ்வகையிலும் காரணமல்ல என்றும், அரசியலமைப்பு ஒழுக்கத்துக்கு ஒரு முன்மாதிரி வேண்டும் என்பதற்காகவே ஏற்பதாகவும் கூறினார். தவறு செய்தவர் தண்டனை பெறுவது வேறு, தவறு நேர்ந்த துறையின் தலைவர் அதற்குத் தன்னை உட்படுத்திக்கொள்வது வேறு என்ற வேறுபாட்டை அந்த விளக்கம் நாடாளுமன்றத்தில் பதிவுசெய்தது.

இந்த எண்ணத்துக்கு வெளிநாட்டிலும் அண்மைய எடுத்துக்காட்டு ஒன்று இருந்தது. 1954இல் பிரிட்டனில், கிரிச்சல் டவுன் என்ற இடத்து நிலத்தைக் கையாண்டதில் அதிகாரிகள் செய்த தவறுகளுக்காக வேளாண் அமைச்சர் தாமஸ் டக்டேல் பதவி விலகினார். அதிகாரியின் பிழை அமைச்சரின் கணக்கில் சேரும் என்பதற்குப் பாடநூல் உதாரணமாக அது நிலைத்துவிட்டது.

அரியலூரின் நிழல் தமிழ்நாட்டில் துணை அமைச்சர் அழகேசன் மீது நீண்டது. 1957 பொதுத்தேர்தல் மேடைகளில் திராவிட முன்னேற்றக் கழகத்தினர் அவர் பெயரையும் அரியலூரையும் இணைத்தே முழங்கினர். 1952 முதல் செங்கல்பட்டுத் தொகுதியின் உறுப்பினராக இருந்த அவர் இரண்டாம் மக்களவையில் இடம்பெறவில்லை. பதவி துறந்த சாஸ்திரியோ 1957 தேர்தலுக்குப் பின் வேறு துறைக்கு அமைச்சராகத் திரும்பினார்; 1964 ஜூன் மாதத்தில் பிரதமரானார். தாமாக முன்வந்து பொறுப்பேற்றவரை மக்கள் எடைபோடும் அளவு வேறு என்பதை இருவரின் கதையும் காட்டுகிறது.

தமிழ் நிதியமைச்சர்கள் இருவர்

ரயில்வேக்கு வெளியிலும் இம்மரபின் தடங்கள் உண்டு. சுதந்திர இந்தியாவின் முதல் வரவுசெலவுத் திட்டத்தை அளித்த கோவை ஆர். கே. சண்முகம் செட்டியார் 1948 ஆகஸ்டில் பதவி விலகினார். வரி ஏய்ப்பு விசாரணைக்குரிய பட்டியலிலிருந்து சில பெயர்கள் நீக்கப்பட்டதால் எழுந்த சர்ச்சையே காரணம்.

1957இல் ஆயுள் காப்பீட்டுக் கழகம் ஹரிதாஸ் முந்த்ராவின் நிறுவனங்களில் சுமார் 1.24 கோடி ரூபாய்க்குப் பங்குகள் வாங்கியது. ஆளுங்கட்சி உறுப்பினரான பெரோஸ் காந்தியே மக்களவையில் இதைக் கிளப்பினார். நீதிபதி எம். சி. சாக்ளாவின் ஒருநபர் ஆணையம் பொதுமக்கள் முன்னிலையில் விசாரணை நடத்திச் சில வாரங்களில் அறிக்கை தந்தது. முடிவு செயலாளர் எடுத்ததே என்று அமைச்சர் விலகி நிற்க முடியாது என்பது அதன் சாரம். நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி 1958 பிப்ரவரியில் பதவியிழந்தார். சாஸ்திரி கேட்காமலே சுமந்த பொறுப்பை இங்கே விசாரணை தேடிச் சென்று சுமத்தியது.

1965: மனச்சான்றின் ராஜினாமா

பதவி விலகலில் இன்னொரு வகை உண்டு. தன் துறையின் பிழைக்காக அல்லாமல், தான் அங்கம் வகிக்கும் அரசின் கொள்கையோடு உடன்பட முடியாததால் விலகுவது அது. 1965 ஜனவரி 26 முதல் இந்தி மட்டுமே ஆட்சிமொழி என்ற நிலை வரவிருந்ததை எதிர்த்துத் தமிழ்நாட்டில் மாணவர் போராட்டம் மூண்டது. தீக்குளிப்புகளும் துப்பாக்கிச் சூடும் தொடர்ந்தன. பிப்ரவரி 11 அன்று உணவு, வேளாண்மை அமைச்சர் சி. சுப்பிரமணியமும், 1962இல் செங்கல்பட்டிலிருந்து மீண்டும் தேர்வாகி பெட்ரோலியம், ரசாயனத் துறையின் இணை அமைச்சராக இருந்த அழகேசனும் ராஜினாமாக் கடிதங்களைக் கொடுத்தார்கள்.

பிரதமர் சாஸ்திரி அவற்றைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். ராதாகிருஷ்ணன் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை, மறுபரிசீலனை செய்யும்படி அறிவுறுத்தினார். அன்றிரவே சாஸ்திரி வானொலியில் பேசி, இந்தி பேசாத மாநிலங்கள் விரும்பும்வரை ஆங்கிலம் நீடிக்கும் என்ற நேருவின் வாக்குறுதி காக்கப்படும் என்றார். அமைச்சர்கள் கடிதங்களைத் திரும்பப் பெற்றனர். 1967 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆட்சிமொழித் திருத்தச் சட்டம் அந்த வாக்குறுதிக்குச் சட்ட வடிவம் தந்தது.

மேலிடத்தின் விருப்பத்துக்கு எதிரே நிற்பது ராதாகிருஷ்ணனுக்குப் புதிதல்ல. 1888 செப்டம்பர் 5 அன்று பிறந்த அவர் 1939 முதல் 1948 வரை காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தார். 1942இல் ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டத்தில் மாணவர்கள் பங்கேற்றதால் சினமுற்ற ஆளுநர் மாரிஸ் ஹேலட், பல்கலைக்கழக வளாகத்தைப் போர்க்கால மருத்துவமனையாக்க முனைந்தார். துணைவேந்தர் டெல்லி சென்று வைஸ்ராய் லின்லித்கோவிடம் வாதாடி அதைத் தடுத்தார். அரசு மானியம் நிறுத்தப்பட்டபோது நன்கொடை திரட்டிக் கல்வியைத் தொடரச் செய்தார். பதவியில் இருந்துகொண்டே நிறுவனத்தைக் காக்கும் இந்தத் துணிவும், பதவியை விட்டு விலகும் துணிவும் ஒரே ஒழுக்கத்தின் இரு வடிவங்கள். எது பொருந்தும் என்பதை நிகழ்வே தீர்மானிக்கிறது.

மரபின் பிற்காலம்

1956க்குப் பிறகு விபத்துகளை ஆராய எச். என். குன்ஸ்ரு குழு (1962), வாஞ்சு குழு (1968), சிக்ரி குழு (1978), கன்னா குழு (1998) என அடுத்தடுத்துக் குழுக்கள் அமைந்தன. ராஜினாமாக்கள் அரிதாயின. 1999 ஆகஸ்ட் 2 அன்று கைசால் விபத்தில் ஏறக்குறைய முந்நூறு பயணிகள் இறந்ததையடுத்து ரயில்வே அமைச்சர் நிதிஷ் குமார் பதவி விலகினார். 2017 ஆகஸ்டில் கதௌலி விபத்துக்குப் பின் ரயில்வே வாரியத் தலைவர் ஏ. கே. மிட்டல் விலகினார். அமைச்சர் சுரேஷ் பிரபு விலக முன்வந்தார். சில நாட்களில் அவருக்கு வேறு துறை தரப்பட்டது.

அரக்கோணம் தொகுதிக்கு ரயில்வே அமைச்சகத்தோடு மற்றொரு தொடர்பும் ஏற்பட்டது. 2004இல் இங்கிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட ஆர். வேலு ரயில்வே இணை அமைச்சரானார். ஊரின் அருகிலேயே விபத்துகளும் நேர்ந்தன. 2011 செப்டம்பர் 13 இரவு சித்தேரி அருகே நின்றுகொண்டிருந்த அரக்கோணம்–காட்பாடி பாசஞ்சர் மீது பின்னால் வந்த மெமு வண்டி மோதியதில் பத்துப் பேர் இறந்தனர். 2013 ஏப்ரல் 10 அன்று அதே பகுதியில் முசாபர்பூர்–யஷ்வந்த்பூர் எக்ஸ்பிரஸ் தடம்புரண்டது. இத்தகைய விபத்துகளில் பாதுகாப்பு ஆணையரே நேரில் வந்து ஊழியர்களையும் பயணிகளையும் விசாரிப்பது 1941இன் ஏற்பாடு விட்டுச்சென்ற நடைமுறை.

இம்மரபின் மீது எழும் குறை ஒன்று உண்டு. அமைச்சர் விலகினால் கோபம் தணியும், பாலம் அப்படியே நிற்கும் என்பது அது. இதற்குப் பதிலும் மரபின் வரலாற்றிலேயே இருக்கிறது. முந்த்ரா விவகாரத்தில் நடந்ததுபோல, உண்மையை வெளிக்கொணரும் சார்பற்ற விசாரணையோடு சேரும்போது பதவி விலகல் அமைப்பைத் திருத்துகிறது. விசாரணை இன்றி நடந்தால் அது சடங்காகிவிடுகிறது. விலகல் இன்றி விசாரணை மட்டும் நடந்தால், பொறுப்பு மறுபடியும் பதிவேட்டில் கையெழுத்திட்ட கடைசி ஊழியரின் பெயரோடு நின்றுவிடுகிறது.