நரம்பு மேல போட்ட பழி

உதடு, கை, வயிறுன்னு திடீர் திடீர்னு வீங்கும். தொண்டை வீங்கினா மூச்சே நின்னு போகலாம். ஜெர்மன் டாக்டர் குவின்கே 1882-ல் இந்த வீக்கத்தை விவரிச்சு எழுதினார். 1888-ல் வில்லியம் ஆஸ்லர், அமெரிக்காவில் ஒரே குடும்பத்தின் ஐந்து தலைமுறையில் இது தொடர்ந்ததைக் காட்டி, பரம்பரை நோய்னு சொன்னார். அதெல்லாம் சரி, ஆனா நோயோட பேரிலேயே 'நியூரோட்டிக்'னு ஒரு வார்த்தை ஒட்டிக்கிச்சு. பழி நரம்பு மேல!

1963-ல் டொனால்ட்சனும் எவான்ஸும் மூலத்தைப் பிடிச்சாங்க: ரத்தத்தில் 'சி1 இன்ஹிபிட்டர்'ங்கிற புரதத்தின் குறைபாடு. இந்தக் கடிவாளம் தளர்ந்தா பிராடிகினின் பெருகி, ரத்தக்குழாயிலிருந்து நீர் கசியும்கிறது பிறகு தெளிவாச்சு. காரணம் ஹிஸ்டமின் இல்லை. அதனால அலர்ஜி மாத்திரைக்கு இது கேட்காது. அதை நம்பிக் காத்திருந்தா உயிருக்கே ஆபத்து.

உங்க சொந்தத்துல யாருக்காவது அரிப்பு இல்லாம அடிக்கடி இப்படி வீங்குதா மக்களே? டாக்டர்கிட்ட குடும்பக் கதையையும் சேர்த்துச் சொல்லுங்க. ஆஸ்லருக்குத் துப்பு கிடைச்சதே அதுலதான்.