குய்யூ: மின்னணுக் கழிவு குவிந்த ஊர்

சீனாவின் குவாங்டாங் மாகாணத்திலுள்ள குய்யூ முன்பு நெல் விளைந்த ஊர். 1990களில் அமெரிக்கா, ஜப்பான் உள்ளிட்ட நாடுகள் கழித்துவிட்ட கணினிகள் இங்கு வந்து குவிந்தன. வீட்டு வாசல்களிலேயே பிரிப்பு வேலை நடந்தது. மின்சுற்றுப் பலகைகளை நிலக்கரி அடுப்பில் சூடாக்கி, ஈயப் பற்றாசு உருகியதும் சில்லுகளைப் பிடுங்கினர். தங்கத்துக்காக அவற்றை ஆற்றங்கரையில் அமிலத்தில் ஊறவைத்தனர். செம்புக்காகக் கம்பிகளை எரித்தனர். நிலத்தடி நீர் கெட்டதால் குடிநீர் வெளியூரிலிருந்து வண்டியில் வந்தது. 2007இல் வெளியான ஷாண்டோ பல்கலைக்கழக ஆய்வில், சோதிக்கப்பட்ட 165 குழந்தைகளில் ஏறத்தாழ 82 விழுக்காட்டினரின் இரத்தத்தில் ஈயம் அன்றைய வரம்பைத் தாண்டியிருந்தது.

சட்டம் இல்லாமல் இல்லை. இடர்மிகு கழிவுகளை நாடுவிட்டு நாடு கடத்துவதைக் கட்டுப்படுத்தும் பேசல் உடன்படிக்கை 1992இல் நடைமுறைக்கு வந்தது. அதில் கையெழுத்திட்ட அமெரிக்கா இன்னும் அதற்கு ஒப்புதல் அளிக்கவில்லை. சீனாவும் 2000இல் மின்னணுக் கழிவு இறக்குமதியைத் தடைசெய்தது. ஆயினும் சரக்கு நிற்கவில்லை. சொந்த நாட்டில் முறையாகப் பிரிப்பதைவிடக் கப்பலேற்றுவது மலிவாக இருந்தது.

தடையை விட இடமாற்றமே அங்கு பலன் தந்தது எனலாம். 2015 வாக்கில் வீட்டுப் பட்டறைகள் மூடப்பட்டு, புகையையும் கழிவுநீரையும் சுத்திகரிக்கும் வசதியுள்ள தொழிற்பூங்காவுக்குத் தொழில் மாறியது. மண்ணிலும் ஆற்றுச் சேற்றிலும் முன்பே படிந்த ஈயத்தை அகற்றுவது தனி வேலை.