நீரில் அமிலம் கூடினால் நன்னீர் மீன்களுக்கு என்ன நேரும்?

ஹைதராபாத்: சங்காரெட்டி மாவட்டம் கண்டிகூடம் ஏரியில், 2017ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மீன்கள் செத்து மிதந்தன. தொழிற்சாலைக் கழிவுநீரே காரணம் என மீனவர்கள் குற்றம்சாட்டினர். ஹைதராபாத்தைச் சுற்றியுள்ள ஏரிகளில் மீன்கள் மடியும்போதெல்லாம் முதலில் அளக்கப்படுபவற்றில் ஒன்று, நீரின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவாகும்.

பி.எச். 7 என்பது நடுநிலை; அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஓர் அலகு குறைந்தாலே அமிலத்தன்மை 10 மடங்கு கூடிவிடும். மீன்வளத்துக்கான நீரில் இது 6.5 முதல் 8.5 வரை இருக்க வேண்டும் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வரையறை.

அமிலம் முதலில் தாக்குவது செவுள்களை. நன்னீர் மீனின் இரத்தத்தில், சுற்றியுள்ள நீரில் இருப்பதைவிட உப்பு அதிகம். உடலிலிருந்து கசியும் உப்பைச் செவுள்கள் ஓயாமல் நீரிலிருந்து ஈடுசெய்கின்றன. அமிலம் மிகும்போது இந்த உறிஞ்சுதல் தடைப்பட்டு, சோடியமும் குளோரைடும் வேகமாக வெளியேறும். இரத்தம் கெட்டியாகி மீன் இறக்கும். மண்ணிலிருந்து கரைந்து வரும் அலுமினியம் செவுள்களில் படிந்தால் மூச்சுத்திணறலும் சேர்ந்துகொள்ளும்.

மீன்கள் செத்து மிதந்தால் கண்ணுக்குத் தெரியும். மிதமான அமிலத்தின் பாதிப்போ வெளியே தெரிவதில்லை. முட்டையோட்டைக் கரைக்கும் நொதி செயலிழந்து குஞ்சுகள் உள்ளேயே மடிகின்றன. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், 223 என எண்ணிடப்பட்ட ஏரியில் டேவிட் ஷிண்ட்லர் குழுவினர் 1976 முதல் படிப்படியாகக் கந்தக அமிலம் சேர்த்துச் சோதித்தனர். பி.எச். 6-க்குச் சற்றுக் கீழே இறங்கியதும் சிறு மீனினம் ஒன்று பெருகாமல் அற்றுப்போனது. பின்னர், இரை குறைந்த டிரௌட் மீன்கள் மெலிந்தன. 5-ஐ எட்டியபோது எந்த மீனும் இனப்பெருக்கம் செய்யவில்லை.

இந்தியாவில் இத்தகைய பாதிப்புக்கு மேகாலயாவின் லுகா ஆறு உதாரணம். நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து வழியும் அமில நீரே அங்கு மீன்கள் மறைந்ததற்கு முக்கியக் காரணமாகக் கூறப்படுகிறது.

ஹைதராபாத்தின் நிலை சற்றுச் சிக்கலானது. வீட்டுக் கழிவுநீரும் பாசியும் மிகுந்த ஏரிகளில் பகலில் நீர் காரத்தன்மை அடையும். அப்போது அமோனியாவின் நச்சு கூடும். மாறாக அமிலம் மிகுந்தால் ஹைட்ரஜன் சல்பைடின் நச்சு கூடும். ஆகவே பி.எச். அளவை மட்டும் கொண்டு காரணத்தைத் தீர்மானிக்க இயலாது.

காலமும் முக்கியம். ஒரே இரவில் திறந்துவிடப்பட்ட அமிலக் கழிவு, ஏரி நீரின் இயல்பான காரத்தால் விரைவில் நடுநிலையாகிவிடலாம். தாமதமாக எடுக்கப்படும் மாதிரி, நீர் இயல்பாகவே இருந்ததாகக் காட்டினால் இழப்பீடு கோரும் மீனவர்களிடம் சான்று இருக்காது. செவுள்களில் பாதிப்பின் தடயம் எஞ்சும் என்றாலும், வெயிலில் அவை சில மணி நேரத்திலேயே அழுகிவிடும். எனவே நீர் மாதிரியுடன், உயிர் பிரியும் நிலையிலுள்ள மீன்களையும் பனிக்கட்டியில் வைத்து உடனே ஆய்வகத்துக்கு அனுப்புவது அவசியமாகிறது.