சூழலொலிப் பதிவும் ஒலிநிலப் படைப்பும்: கலைச்சொல் வழி ஒரு வரலாறு

ஊரிலும் காட்டிலும் கடற்கரையிலும் எழும் ஓசைகளைப் பதிவுசெய்து, அவற்றையே மூலப்பொருளாகக் கொண்டு ஒலிப்படைப்பு ஒன்றைக் கோக்கும் கலை இருபதாம் நூற்றாண்டில் தோன்றியது. இதனைக் கற்பதற்குக் கருவியறிவு ஒன்றே போதும் என்று கருதுவோர் உளர். ஆனால் இக்கலையின் முன்னோடிகள் கருவியோடு பட்ட பாட்டிற்குக் குறையாத பாட்டைச் சொல்லோடும் பட்டிருக்கின்றனர். கேட்டதற்குப் பெயர் இல்லாதவிடத்து அதனைத் தெரிந்தெடுக்கவும் கோக்கவும் அவர்களால் இயலவில்லை.

பாரிஸ் வானொலியில் பணியாற்றிய பொறியாளர் பியர் ஷேஃபர் 1948இல் பத்தினோல் இரயில் நிலையத்திற்குச் சென்று எஞ்சின்களின் ஓசைகளைப் பதிவுசெய்தார். அவற்றால் ஆகிய சிறு படைப்பு அவ்வாண்டு அக்டோபர் 5ஆம் நாள் ஒலிபரப்பப்பெற்றது. நாடாப்பதிவுக் கருவி அவர் கைக்கு வராத காலம் அது. இசைத்தட்டுகளைக் கொண்டே வேலை செய்தார். தட்டின் வரிப்பள்ளத்தை வட்டமாக மூடியபோது ஒரே ஓசைத் துணுக்கு திரும்பத் திரும்ப ஒலித்தது. மணியோசையின் தொடக்கத் தாக்கை நீக்கியபோது அது மணி என்றே தெரியாமற்போயிற்று. ஓசையை அதன் பிறப்பிடத்தினின்று பிரிக்கலாம், பிரித்தபின் அதன் வடிவம் மட்டும் காதில் நிற்கும் என்பதே அவர் கற்ற பாடம். அவ்வாறு எஞ்சி நிற்பதற்குப் பிரெஞ்சில் அவர் இட்ட பெயர் 'ஒப்ழே சொனோர்'.

இதனை 'ஒலிப்பொருள்' எனத் தமிழாக்குவது எளிது. ஆயினும் அது பிழைக்கு இடந்தரும். தமிழில் 'பொருள்' பண்டத்தையும் குறிக்கும், சொற்பொருளையும் குறிக்கும். ஷேஃபர் கருதியதோ, ஓசை எதனைச் சுட்டுகிறது என்பதை மறந்தபின் கிடைப்பது. 'ஒலியுரு' என்பதே பொருந்தும். பேச்சொலிகளைப் பேசியவரிடமிருந்து பிரித்து ஒலியன் காணும் மொழியியல் முறையோடு இதற்கு ஒருவகை ஒப்புமை உண்டு. ஆனால் ஒலியன் பொருளை வேறுபடுத்தும் அலகு. ஒலியுருவோ பொருளைக் கைவிட்ட பிறகே தோன்றுவது.

1966இல் வெளியிட்ட பெருநூலில் ஷேஃபர் கேட்டலை நான்காகப் பகுத்தார். அதற்கு அவர் புதுச்சொல் படைக்கவில்லை. பிரெஞ்சு வழக்கிலிருந்த நான்கு வினைகளையே எடுத்துக்கொண்டார். 'உய்ர்' என்பது ஓசை செவியில் படுதல். 'எகூத்தே' என்பது எதன் ஓசை என அறியச் செவிசாய்த்தல். 'ஆந்தாந்த்ர்' என்பது உள்நோக்கத்தோடு சிலவற்றைத் தெரிந்து கேட்டல். 'கோம்ப்ராந்த்ர்' என்பது பொருள் கொள்ளுதல். மூன்றாவதே மொழிபெயர்ப்பாளரை வருத்துவது. 'நோக்கம்' என்னும் கருத்து அவ்வினையின் வேரிலேயே உள்ளது. ஆங்கிலத்தின் 'ஹியர்' அதனைத் தாங்காது. இந்நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2017இல்தான் வெளிவந்தது என்பது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. தமிழில் 'கேள்' வினாவுதலையும் உள்ளடக்கிய பரந்த வினையாதலால் நான்கனுள் ஒன்றற்கும் தனித்து உரியதாகாது. ஆனால் கூர்ந்து கேட்டலையும் ஆராய்தலையும் ஒருசேர உணர்த்தும் 'ஓர்த்தல்' நம்மிடம் உண்டு. வழக்கிழந்து வரும் அவ்வினைக்கு இங்கே ஒரு வேலை காத்திருக்கிறது.

கனடாவில் இதற்கு நேர்மாறான நெறி உருவாயிற்று. இசையமைப்பாளர் ஆர். முர்ரே ஷேஃபர் (பெயர் ஒலிப்பில் நெருங்கினும் இவர் வேறொருவர்) ஓசையை இடத்தினின்று பிரிப்பதை ஒரு நோயாகவே கண்டார். அப்பிரிவிற்கு அவர் இட்ட பெயர் 'ஸ்கிட்ஸோஃபோனியா'. மனநோயின் பெயர் அதில் எதிரொலிக்கவேண்டும் என்று அறிந்தே படைத்த சொல் அது. 1967இல் வெளியிட்ட பாடக்குறிப்பில் செவியைத் தூய்மை செய்தலே முதற் பயிற்சி என்றார். சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தில் அவர் அமைத்த குழு வான்கூவர் நகரின் ஓசைகளை 1973இல் இசைத்தட்டுகளாக வெளியிட்டது. 1975இல் ஐரோப்பாவின் ஐந்து சிற்றூர்களுக்குச் சென்றது. 1974இல் கனடிய வானொலிக்கென அமைத்த தொடரின் ஒரு பகுதி தனியே கருதத்தக்கது. நீள்பகல் நாளில் குளக்கரையொன்றில் ஓர் இரவும் பகலும் பதிவுசெய்து, மணிக்கு ஏறத்தாழ இரண்டு நிமிடம் எனத் தெரிந்து கோத்தனர். எதனையும் உருமாற்றவில்லை, சுருக்கம் மட்டுமே செய்யப்பெற்றது. எனினும் தவளைகளும் பறவைகளும் முறைவைத்து ஒலிப்பது, குளக்கரையில் நாள்முழுதும் அமர்ந்தவருக்கும் புலப்படாத தெளிவோடு புலப்படுகிறது.

இக்குழுவின் சொற்களுள் முதன்மையானது 'சவுண்ட்ஸ்கேப்'. நகரமைப்பு ஆய்வாளர் மைக்கேல் சவுத்வொர்த் 1969லேயே இதனை ஆண்டுள்ளார். 1978இல் பேரி ட்ரூவாக்ஸ் தொகுத்த கலைச்சொல் கையேடு, ஒலிகளின் சூழலை அதில் வாழ்வோர் எவ்வாறு உணர்கின்றனர் என்பதற்கு இச்சொல்லில் அழுத்தம் தருகிறது. ஆகவே 'ஒலிச்சூழல்' போதாது. 'ஒலிக்காட்சி' கண்ணை இழுத்து வருகிறது. தொல்காப்பியம் புள்ளையும் பறையையும் யாழையும் கருப்பொருளில் அடக்குவதால் 'ஒலித்திணை' எனலாமே என்று தோன்றும். ஆனால் திணை உரிப்பொருளையும் உடன்கொண்டு வரும். அச்சுமை இச்சொல்லுக்கு வேண்டுவதன்று. 'ஒலிநிலம்' என்பது அடக்கமான தீர்வு. ஓரிடத்தின் அடிநிலை ஓசையைக் குறிக்கும் 'கீநோட்' என்பதற்குச் 'சுருதி' இயல்பாகப் பொருந்துகிறது.

இக்குழுவில் பயின்ற ஹில்டகார்ட் வெஸ்டர்காம்ப் 1989இல் படைத்த 'கிட்ஸ் கடற்கரை ஒலிநடை' இவ்விரு நெறிகளையும் ஒரே இடத்தில் எதிர்நிறுத்துகிறது. பாறைகளில் ஒட்டிவாழும் கொட்டலசுகளின் நுண்ணிய சொடுக்கொலிகளைப் பதிவுசெய்ய முயல்கிறார். நகரின் இரைச்சல் அவற்றை மூடுகிறது. நிலையத்தில் வடிகட்டி கொண்டு நகரையே நீக்கிவிடலாம் என்று படைப்பினுள்ளேயே தம் குரலில் சொல்லி, கேட்போர் அறிய நீக்கியும் காட்டுகிறார். பிற படைப்புகள் மறைக்கும் கைவேலையை இது வெளிப்படையாக்குகிறது. கற்பவருக்கு இதனினும் நேரிய பாடம் அரிது.

1992இல் மாக்ஸ்முல்லர் பவனின் அழைப்பில் தில்லியில் ஒலிநிலப் பட்டறை நடத்திய அவர், அந்நகரில் செய்த பதிவுகளைக் கொண்டு 1997இல் ஒரு படைப்பை அளித்தார். அதில் தெருவணிகர்களின் கூவல்கள் இடம்பெறுகின்றன. இந்தி அறியாதார்க்கு அவை குரலின் ஏற்ற இறக்கங்கள்; ஷேஃபர் பயிற்சியால் எய்த விரும்பிய ஒலியுரு, அவர்களுக்கு அறியாமையாலேயே வாய்த்துவிடுகிறது. இந்தி அறிந்தவரிடம் நிலைமை அத்துணை நேரானதன்று. கூவலில் சொல்லின் ஈறு நீள்கிறது, உயிரொலி திரிகிறது, அகராதி வடிவம் தேய்கிறது. நாள்தோறும் அதே வாயிலில் நின்று காய்கறி வாங்கியவருக்கு அது உடனே சொல்லாகும். அடுத்த தெருவினர் சற்று ஓர்ந்தாக வேண்டும்.